செடி அண்ணாச்சி பதில்கள்: மலைப்பூவுக்குக் கோட்டி புடிச்சவங்க

போன இதழ்ல ரோஜாவுக்கு உரம் வைக்கிறதப் பத்தி எழுதிட்டு வரும்போது நடுவுல ஒரே ஒரு வரி, ஊட்டியில காட்டுப்பூவரசு மரத்தடியில வாயப் பொளந்து நின்னுட்டு பஸ்ஸ விட்டுட்டேன்னு எழுதிட்டேன், அவ்ளோதான் செஞ்ச பாவம். ரோஜாவப் பத்தி ஒரு ஆளு கேக்கல. வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாமே அந்த ஒத்த வரியப் புடிச்சுக்கிட்டு தொங்குது. சரி, இந்த மாசம் முழுக்க அதுவே இருக்கட்டும்.

கேள்வி: அண்ணாச்சி, பிப்ரவரியில பிள்ளைகளக் கூட்டிட்டு ஊட்டி போயிருந்தோம். தொட்டபெட்டா ரோட்டுல ரத்தச் சிவப்பா ஒரு மரம். வேன் டிரைவர் "ரோடோடென்ட்ரான்"னு சொன்னார், எனக்கு நாக்குல நிக்கவே இல்ல. நீங்க காட்டுப்பூவரசுங்கிறீங்க. அப்ப நம்ம ஊர் பூவரசுக்கு அது சொந்தமா?
(டீச்சர், பாளையங்கோட்டை)

சொந்தமே கெடையாது டீச்சர். பேருல மட்டுந்தான் ஒட்டு. நம்ம பூவரசு வெண்டைக்கா, பருத்தி, செம்பருத்தி குடும்பம். சின்னப் பிள்ளையில இலையச் சுருட்டி பீப்பி ஊதுனோமே, அது. காட்டுப்பூவரசு புளூபெர்ரி இருக்குல்லா, அதோட குடும்பம். மலைக்கு மேல போன நம்ம ஆளுங்க யாரோ மரத்தையும் பூவையும் பாத்துட்டு, தெரிஞ்ச பேர எடுத்து முன்னால ஒரு "காட்டு" போட்டுட்டாவன்னு நெனைக்கேன். அப்படித்தான எல்லாத்துக்கும் பேரு வைக்கோம், காட்டு நெல்லி, காட்டு முருங்கன்னு.

ஆனா இந்த ரோடோடென்ட்ரான்ங்கிற பேருலதான் பெரிய கூத்தே இருக்கு. கிரேக்கத்துல ரோடான்னா ரோஜா, டென்ட்ரான்னா மரம், ரோஜா மரம். பழைய கிரேக்க ரோமானிய காலத்துல இந்தப் பேர வச்சு அவங்க கூப்பிட்டது எத தெரியுமா? அரளிய. ஆமா, நம்ம பிள்ளையாருக்கு மாலை கட்டுதமே அதே அரளி. பொறவு 1753-ல லின்னேயஸ் செடிக்கெல்லாம் பேரு எழுதி வைக்கும்போது அந்தப் பேரு இந்த மலைச்செடிக்குப் போய்ச் சேந்துட்டு. அதனால ரோடோடென்ட்ரானப் பாக்க முடியலியேன்னு வருத்தப்படுதவங்க வாசல்ல நிக்கிற செவ்வரளியப் பாத்து ஆறுதல் பட்டுக்கிடலாம், பேருக்கு மூத்த பாத்தியதை அதுக்குத்தான்.

நீங்க பாத்தது அர்போரியம்ங்கிற இனத்துல நீலகிரி வகை. பூவ மட்டும் பாத்துட்டு வந்திருப்பீங்க, அடுத்த வாட்டி போனா இலையத் திருப்பிப் பாருங்க. மேல நல்லா கரும்பச்சை, தோல் மாதிரி கெட்டி, அடியில மட்டும் சாம்பலும் பழுப்புமா மெத்து மெத்துன்னு ரோமம் மாதிரி இருக்கும். பூவுக்குள்ள எட்டிப் பாத்தா அடியில கருஞ்சிவப்பா குழி குழியா இருக்கும், அதுலதான் தேன் நிக்குது, தேன்சிட்டு அதுக்குத்தான் வந்து தொங்குது. மரம் பாக்க நேரா இருக்காது, முறுக்கிக்கிட்டு, நம்ம ஊர் ஒடைமரத்துக்கு வாதம் வந்த மாதிரி. பட்டை நல்ல தடிமன். சோலைக்கு வெளிய புல்வெளியில தன்னந்தனியா நிக்கிற தைரியம் அதுக்கு அந்தப் பட்டையாலதான் வருது, புல்லு தீப்புடிச்சாலும் உறைபனி கொட்டுனாலும் தாங்கிட்டு திரும்பத் துளுக்கும்.

கேள்வி: ஊட்டியில தொட்டியோட அசேலியா வாங்கிட்டு வந்தேன். கடைக்காரர் இதுவும் ரோடோடென்ட்ரான்தான்னு சொன்னார். வரும்போது செடி தெரியாத அளவுக்குப் பூ. ரெண்டாவது மாசம் இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. சாணி உரம் போட்டேன், கடலைப் புண்ணாக்கு ஊறவச்சு ஊத்துனேன். மூணாவது மாசம் குச்சி. எங்க தப்பு பண்ணேன்?
(இல்லத்தரசி, அம்பாசமுத்திரம்)

தப்பு நீங்க பண்ணலம்மா, பஸ் ஏறும்போதே நடந்துட்டு.

கடைக்காரர் சொன்னது உண்மைதான், அசேலியா ரோடோடென்ட்ரான் கூட்டத்துக்குள்ளதான் வருது. தொட்டியில விக்கிறதுக்கு இந்தியன் அசேலியான்னு பேரு, ஆனா பொறந்த ஊரு சீனா, பெல்ஜியத்துக்காரன் வளத்து கலப்பு பண்ணி ஊரெல்லாம் வித்தான், நடுவுல இந்தியா எங்க வந்துச்சோ.

இப்ப விசயத்துக்கு வாரேன். இந்தக் குடும்பத்துக்கே ஒரு குணம், புளிப்பு மண்ணு வேணும். மண்ணோட புளிப்ப பி.எச்.னு ஒரு நம்பர்ல சொல்லுவாங்க, 7-ன்னா நடு, அதுக்குக் கீழ புளிப்பு, மேல போனா காரம். இவளுக்கு நாலரையில இருந்து ஆறுக்குள்ள இருக்கணும். தேயிலை எந்த மண்ணுல செழிக்குமோ அந்த மண்ணுன்னு வச்சுக்கிடுங்க. நம்ம ஊரு மண்ண எடுத்துப் பாருங்க, தோண்டுன எடத்துல எல்லாம் சுக்கான் கல்லு, தாழையூத்துல சிமெண்ட் ஆலை வந்ததே அந்தச் சுண்ணாம்புக்கல்ல நம்பித்தான், போருத் தண்ணிய ரெண்டு வாரம் வாளியில வச்சிருந்தா அடியில வெள்ளையா படியுதுல்லா, அந்தத் தண்ணியத்தான் நாம தெனமும் அதுக்கு ஊத்துதோம். மண்ணுல இரும்புச் சத்து இருக்கும், ஆனா சுண்ணாம்பு கூடுச்சுன்னா அந்த இரும்ப வேரால கரைச்சு எடுக்க முடியாது. சாப்பாடு எல எல்லாம் போட்டு வச்சு கையக் கட்டிப் போட்ட மாதிரி. அதான் நரம்பு பச்சையாவும் நடுவுல மஞ்சளாவும் தெரிஞ்சது. அந்த நேரம் பாத்து நீங்க சாணி, புண்ணாக்குன்னு போட்டீங்க, பட்டினி கெடக்க பிள்ளைக்கு பிரியாணி குடுத்த கதை.

ரெண்டாவது, வேரு. தொட்டிய உதுத்துப் பாத்தீங்களா, வேரு எல்லாம் தலைமுடி மாதிரி இருந்திருக்கும், ஆணிவேருன்னு ஒண்ணு ஆழமா போகாது. மேல்மண்ணுல மெத்தை மாதிரி பரவிக் கெடக்கும். கூடவே ஒரு பூஞ்சணமும் அந்த வேருக்குள்ள குடியிருந்து மண்ணுல இருந்து சாப்பாடு எடுத்துக் குடுக்கும். காஞ்சாலும் செத்துரும், தண்ணி நின்னாலும் அழுகிரும். நம்ம மொட்டமாடியில மே மாசம் 39 டிகிரி வெயிலு, கருப்புத் தொட்டி, தொட்டு பாத்தா கை சுடும், அதுக்குள்ள அந்த முடி வேரு வெந்துதான் போகும். பகல் வெயிலக் கூட நெழல் வல கட்டிச் சமாளிச்சிரலாம், ராத்திரி நமக்குக் குளிரவே மாட்டேங்குதே, அதுக்கு என்ன செய்ய? மலைச்செடி பகல்ல சம்பாதிச்சத ராத்திரி குளுமையில சேத்து வைக்கும், நம்ம ஊரு ராத்திரி சூட்டுல சேத்ததையும் மூச்சு விட்டே செலவழிச்சிரும்.

யூடியூப்ல வினிகர் ஊத்து, மோர் ஊத்துன்னு சொல்லுதாங்க. அந்த வாரம் மட்டும் புளிக்கும், அடுத்த வாளி போருத் தண்ணியில பழையபடி ஆயிரும். மழைத்தண்ணி புடிச்சு வச்சு, மண்ணே போடாம தென்னநார்க்கழிவும் மக்குன சவுக்கு இலையும் மட்டும் போட்டு, ஏசி ரூம் சன்னல் ஓரத்துல வச்சு ஒரு வருசம் ஓட்டுன ஆள எனக்குத் தெரியும். பூவ விட கரண்டு பில்லு ஜாஸ்தியா பூத்துச்சுன்னு சொன்னாரு.

நானும் ஒண்ணும் யோக்கியன் இல்ல. மூணு செடி கொன்னிருக்கேன். அதுல ஒண்ணு மலைப்பாதையில ஒரு ரோட்டோரக் கடையில வாங்குனது, வீட்டுல வந்து கவரக் கிழிச்சா வேரே இல்ல, பூத்த கெளைய ஒடிச்சு மண்ணுல சொருகி வச்சிருக்கான். 250 ரூவா. அன்னையில இருந்து எங்க செடி வாங்குனாலும் வெக்கப்படாம அடியப் புடிச்சு பைய அசைச்சுப் பாத்துட்டுத்தான் காசு குடுக்கது.

கேள்வி: தோட்டக்கலை படிக்கேன். ரோடோடென்ட்ரானுக்குன்னே தனியா நர்சரி வச்சிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். ஒரே ஒரு செடிய வச்சுக்கிட்டு வாழ்க்கை பூரா என்ன வேலை இருக்கும்? புது ரகம் எப்படி உண்டாக்குதாங்க?
(மாணவர், தென்காசி)

ஏல தம்பி, நல்லா கேட்ட. ஒரு செடியில என்ன வேலைன்னு நானும் நெனச்சேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு பெரியவர், பேரு போட வேண்டாம்னுட்டாவ, அவிய தோட்டத்துல எட்டு நாள் எடுபிடியா இருந்தேன். அங்க பாத்ததச் சொல்லுதேன்.

புது ரகம் வேணும்னா ரெண்டு செடிக்குக் கல்யாணம் பண்ணி வைக்கணும். தாய்ச்செடியில நாளைக்கு விரியப்போற மொட்டா பாத்து எடுக்கணும், விரிஞ்சிட்டா தேனீ முந்திரும். இதழைப் பிச்சிட்டு, உள்ள மகரந்தத்தச் சொமந்துக்கிட்டு இருக்க கேசரத்த எல்லாம் ஒவ்வொண்ணா ட்வீஸர வச்சு புடுங்கிட்டு, நடுவுல பூவோட பெண் பாகம் சூல்தண்டு இருக்குல்லா, அத மட்டும் மொட்டையா விட்டுருவாவ. இதழ் இல்லாட்டி தேனீக்கு அங்க சோலி இல்லன்னு தெரிஞ்சிரும். ஒண்ணு ரெண்டு நாள்ல அந்தத் தண்டு நுனி பிசுபிசுன்னு வரும். அப்ப தகப்பன் செடியோட மகரந்தத்தக் கொண்டாந்து தடவணும். இங்கதான் எனக்கு ஆச்சரியம். மத்த பூ மாதிரி மகரந்தம் பொடியா கொட்டாது. மகரந்தப் பையி நுனியில ஊசி குத்துன மாதிரி ரெண்டு ஓட்டை, அதுல தட்டுனா ஒட்டடை மாதிரி இழை இழையா வெளிய வந்து தொங்குது, தொட்டா விரல்லயே ஒட்டிக்கிட்டு நீளுது. பெரியவர் அத அப்படியே சூல்தண்டு நுனியில தொட்டு வச்சிட்டு, நூல்ல ஒரு சீட்டு கட்டுவாவ, தாய் பேரு முதல்ல, பெருக்கல் குறி, தகப்பன் பேரு, தேதி. "சீட்டு போச்சுன்னா பத்து வருசம் போச்சு"ம்பாவ. அணில் கடிச்சுரும்னு சீட்ட அலுமினியத்துல எழுதி வச்சிருந்தாவ.

பொறவு மாசக்கணக்குல காத்திருப்பு. காய் பழுப்பாகி வெடிக்குத நேரம் பாத்து பறிச்சு பேப்பர்ல வச்சா, உள்ள வெதை நம்ம ஊர் மூக்குப்பொடி மாதிரி இருக்கும். தும்முனா ஒரு தலைமுறை காலி. அத மண்ணுக்குள்ள பொதைக்கக் கூடாது, பாசி மேல தூவி அப்படியே விட்டுரணும், வெளிச்சம் பட்டாத்தான் மொளைக்கும். மொளச்சா குண்டூசித் தலை அளவு ரெண்டு இலை. பல்லுகுத்துற குச்சியால அத ஒவ்வொண்ணா கிளப்பி வேற தட்டுல நடுதாவ, நான் ஒரு மணி நேரம் உக்காந்து பாத்தேன், கழுத்து ஒடிஞ்சு போச்சு, 40 கன்னுல 11-அ நசுக்கிட்டேன். பெரியவர் ஏசல. "டீ குடிச்சிட்டு வாங்க"ன்னு மட்டும் சொன்னாவ, அது ஏசுனத விட மோசம்.

மொதப் பூ எப்ப வரும்னு கேட்டேன். சின்ன ஜாதின்னா மூணு நாலு வருசம், மர ஜாதின்னா பத்து வருசத்துக்கு மேலயும் போகும். சரி, பூத்த உடனே புது ரகம் ரெடியா? இல்ல. நூறு கன்னு வளத்தா தொண்ணூத்தஞ்சு தாய் தகப்பன விட மட்டமாத்தான் இருக்கும். நெறம் வெளுத்திருக்கும், கொத்து தொங்கும், இலை கூளமா இருக்கும். அத எல்லாம் ஈவு எரக்கமில்லாம வெட்டிப் போட்டுரணும். செடி வளக்கத் தெரிஞ்சவன் ஊருக்கு நூறு பேரு இருக்கான், வெட்டத் தெரிஞ்சவன்தான் ரகம் உண்டாக்குதவன்னு எனக்கு அங்கதான் புரிஞ்சது. நான் வெட்டச் சொன்னா வெட்டிருப்பனான்னு கேட்டா, மாட்டேன். எல்லாத்தையும் வீட்டுக்குத் தூக்கியாந்திருப்பேன்.

தேறுன ஒண்ண வெதையில பெருக்க முடியாது, வெதைன்னா திரும்ப கலப்படம் ஆயிரும். குச்சி வெட்டி வேர் விட வைக்கணும். அடியில ஒரு பக்கம் பட்டைய லேசா சீவி, ஹார்மோன் பவுடர்ல தொட்டு, பாலிதீன் கூடாரத்துக்குள்ள ஈரப்பதமா வச்சா சிலது ரெண்டு மூணு மாசத்துல வேர் விடும், சிலது கடைசி வரைக்கும் பச்சையாவே இருந்து ஏமாத்தும். வேரே விடாத ரகத்துக்கு ஒட்டுக்கட்டுதான். ஐரோப்பாவுல ஒட்டுக்கு அடிச்செடியா கன்னிங்காம்ஸ் ஒயிட்னு ஒரு பழைய ரகத்த வச்சிருக்காங்க, கொஞ்சம் மோசமான மண்ணையும் அது தாங்கிக்கிடும்னு பேரு. பூ முடிஞ்ச பொறவும் சோலி தீராது, வாடுன கொத்த ஒவ்வொண்ணா கையால கிள்ளணும், காய் புடிச்சா சத்து அதுக்கே போயிரும், கிள்ளும்போது அடியில ஒட்டிக்கிட்டு இருக்க அடுத்த வருசத்து மொட்டு ஒடிஞ்சிரக் கூடாது. எட்டு நாள்ல என் வெரலெல்லாம் பிசினு.

புது ரகத்துக்குப் பேரு வச்சா லண்டன்ல ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டியில பதியணும், உலகம் பூரா ரோடோடென்ட்ரானுக்கு அங்கதான் பேரேடு. வேற யாராச்சும் அதே பேர முன்னாலயே வச்சிருந்தா குடுக்க மாட்டாங்க.

இந்தக் கோட்டி எங்க ஆரம்பிச்சதுன்னு பாத்தா நம்ம நாட்டுலதான் வந்து நிக்குது. 1796-ல ஹார்ட்விக்னு ஒரு கேப்டன், இமயமலை அடிவாரத்துல கார்வால் பக்கம் போகும்போது இந்தச் சிவப்பு மரத்தப் பாத்திருக்காரு. அதுவரைக்கும் இங்கிலாந்து தோட்டத்துல இருந்தது பெரும்பாலும் ஊதா, வெளிறுன ரோசு. ரத்தச் சிவப்பு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சதும் அவனுவளுக்குத் தூக்கம் போச்சு. ஆனா வெதையக் கப்பல்ல அனுப்புனா போய்ச் சேருததுக்குள்ள உளுத்துப் போயிருது. கல்கத்தா பொட்டானிக்கல் கார்டனப் பாத்துக்கிட்ட வாலிச்னு ஒருத்தர் வெதைய பழுப்புச் சர்க்கரைக்குள்ள பொதச்சு அனுப்பிருக்காரு, அது உசுரோட போய்ச் சேந்துட்டு. எனக்கு இதப் படிச்சப்ப நம்ம உடன்குடி கருப்பட்டிப் பானைதான் ஞாபகத்துக்கு வந்துச்சு, நம்ம ஆத்தாமாரக் கேட்டிருந்தா மொதல்லயே சொல்லிருப்பாவ. 1825-ல அங்க மொதப் பூ. அடுத்த வருசமே ஹைகிளேர்ங்கிற எடத்துல அந்த மகரந்தத்த எடுத்து, குளிரு தாங்குத இன்னொரு செடி மேல தடவி, 1831-ல அது பூத்துச்சு. இன்னைக்கு ஐரோப்பாவுல பாக்குத நெறைய சிவப்பு ரகத்துக்கு நம்ம இமயமலை மரந்தான் தாத்தா, பாட்டி.

காசு வருமான்னு நீ கேக்கல, ஆனா மனசுல இருக்குமே. பெரியவருக்கு வருமானம் தொட்டி அசேலியாவுலயும் தேயிலையிலயுந்தான், புது ரகம் உண்டாக்குதது சொந்தக் காசு. இங்கிலாந்துல எக்ஸ்பரின்னு ஒரு தோட்டம், லயனல் டி ராத்ஸ்சைல்ட்ங்கிறவர் ஆயிரத்துக்கு மேல ரகம் உண்டாக்குனாரு, அவருக்குப் பேங்கே சொந்தமா இருந்துச்சு. அத ஞாபகத்துல வச்சுக்க.

கேள்வி: இந்தப் பூவோட தேனச் சாப்பிட்டா மயக்கம் வரும்னு சொல்லுதாங்களே, நெசமா?
(வாசகர், களக்காடு)

நெசந்தான், எல்லா ஜாதியிலயும் இல்ல. கிரேயானோடாக்ஸின்னு ஒரு நஞ்சு, சில ஜாதியோட தேன்ல கூடுதலா எறங்கும். துருக்கியில கருங்கடல் பக்கமும் நேபாளத்துலயும் அந்தத் தேன் பேரு பெத்தது. கி.மு. 401-ல கிரேக்கப் படை ஒண்ணு துருக்கிப் பக்கம் தேனடைய நக்கிட்டு கூட்டங்கூட்டமா வாந்தியெடுத்து எந்திரிக்க முடியாம கெடந்ததா, கூடப் போன செனோபோனே எழுதி வச்சிருக்காரு. அடுத்த நாள் புத்தி தெளிஞ்சு, மூணு நாலு நாள்ல எந்திரிச்சிட்டாவ, சாவு இல்ல.

அதே சமயம் உத்தரகாண்ட்ல புரான்ஸ்னு சொல்லி இந்தச் சிவப்புப் பூவுல ஜூஸ் போட்டு பாட்டில்ல விக்கிறாங்க. அது அவங்களுக்குத் தலைமுறையா தெரிஞ்ச பூ, தெரிஞ்ச பக்குவம். அதுக்காக ஊட்டியில பறிச்சு வாயில போடாதீங்க. தொட்டி அசேலியா வச்சிருக்கவங்க ஆட்டக் கிட்ட விடாதீங்க, இலையே விசம். ஆடு பொதுவா அரளியத் தொடாது, இது பழக்கமில்லாத எல, மோந்து பாத்து கடிச்சாலும் கடிக்கும்.

கேள்வி: இமயமலையில இருக்கது நீலகிரிக்கு எப்படி வந்துச்சு? நடுவுல ரெண்டாயிரம் கிலோமீட்டர் வெயிலு காயுதே. குருவி கொண்டாந்துச்சா?
(ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர், வள்ளியூர்)

குருவி இல்ல சார், குளிரு. பனியுகத்துல நாடே குளிந்து கெடந்தப்ப, இப்ப மலை உச்சியில மட்டும் இருக்க செடியெல்லாம் கீழ தாழ்ந்த எடத்துலயும் பரவி, மலை மலையா தொத்தித் தெக்க வந்திருக்கும், பொறவு சூடு ஏறவும் கீழ இருந்தது எல்லாம் அழிஞ்சு, உச்சியில நின்னது மட்டும் தப்பிச்சதுன்னு விளக்கம் சொல்லுதாங்க. வெள்ளம் வந்தா ஊருல எல்லாரும் கோயில் மேட்டுல ஏறி நிப்பாங்கள்ல, அந்த மாதிரி. நீலகிரி, பழனி மலை, ஆனைமலை, மூணாறு இரவிகுளம்னு இப்ப ஏறி நிக்குது. கடலத் தாண்டி இலங்கையில ஹார்ட்டன் சமவெளியிலயும் இதே இனத்துல தனி வகை ஒண்ணு இருக்கு. அங்க தபால் போட்டது யாருன்னு கேக்காதீங்க, அப்ப இலங்கைக்கு நடந்தே போகலாம், கடல் மட்டம் அவ்ளோ கீழ.

கேள்வி: சூடு தாங்குற ரோடோடென்ட்ரான் உலகத்துலயே இல்லியா? ஆன்லைன்ல "டிராபிகல்"னு போட்டு ஒண்ணு விக்கிறான், ஆரஞ்சு கலரு.
(வாசகி, மேலப்பாளையம்)

அது வைரேயா. போர்னியோ, நியூகினி பக்கத்து ஆளு, 300 ஜாதிக்கு மேல இருக்கு. நம்ம மரத்துல ஆர்க்கிட் ஒட்டி வளருமே அது மாதிரி மரக்கெளையில பாசிக்கு நடுவுல வளரும், வெதைக்கு ரெண்டு பக்கமும் வாலு இருக்கும், காத்துல மெதந்து போறதுக்கு. கலரு பாத்தா மயக்கிப் போடும், ஆரஞ்சு, மஞ்சள், மல்லிகை மாதிரி வெள்ளைக் குழல் கூட உண்டு. "டிராபிகல்"ங்கிறதும் பொய் இல்ல. ஆனா அந்த டிராபிகல் முக்காவாசி மலை உச்சி டிராபிகல், தெனமும் மேகம் வந்து நனைச்சிட்டுப் போற எடம். மேலப்பாளையம் மாடிக்கு மேகம் எங்க வருது? காச வீணாக்காதீங்க.

கேள்வி: பேத்தி இந்தப் பூ வேணும்னு அழுதா. வெளங்காத செடிக்கு எதுக்கு இந்த அலைச்சல், நம்ம தேரிக்காட்டு மண்ணுல என்ன வருமோ அத வச்சா போதாதா? பதில் போடுங்க தம்பி.
(ஆச்சி, திசையன்விளை)

ஆச்சி, பேத்தி அழட்டும், நல்லதுதான், இந்த வயசுல பூவுக்கு அழாம எதுக்கு அழுக. பூ வந்த நேரமா பாத்து ஒருக்க ஊட்டியோ கொடைக்கானலோ கூட்டிட்டுப் போய்க் காட்டிருங்க.

வீட்டுக்கு அடீனியம் வாங்கிக் குடுங்க. அது அரளிக் குடும்பம். பழைய கிரேக்கக் கணக்குப்படி பாத்தா ரோடோடென்ட்ரானோட சொந்தக்காரின்னே சொல்லிரலாம், பேத்திகிட்ட அப்படியே சொல்லுங்க, பொய் இல்ல. தேரி மணலும் வெயிலும் அதுக்குச் சக்கரை, தண்ணி தேங்குனாத்தான் அழுகும். பால் மட்டும் விசம், கையக் கழுவச் சொல்லுங்க.

பெரியவர் செஞ்சாவன்னு மேல சொன்னேன்லா, அந்த வேலைய பேத்தி இதுல செய்யலாம். பூவுக்குள்ள மகரந்தம் ஒரு கூம்புக்குள்ள ஒளிஞ்சிருக்கும், ஒரு பக்கம் இதழ கிழிச்சுட்டு மெல்லிய பிரஷ்ஷ விட்டு எடுத்து, இன்னொரு செடி பூவுல அந்தக் கூம்புக்குக் கீழ்ப்பக்கமா தடவணும். ஒட்டுனா ஆட்டுக் கொம்பு மாதிரி ரெட்டைக் காய் வரும். காய் முத்துன உடனே நூல் சுத்திக் கட்டிரணும், இல்லாட்டி வெடிச்சு, வெதை ரெண்டு முனையிலயும் குஞ்சம் வச்சுக்கிட்டு பறந்து அடுத்த தெருவுக்குப் போயிரும். வெதை போட்டு ஒண்ணு ஒண்ணரை வருசத்துலயே பூ பாத்திரலாம், பத்து வருசம் காத்துக் கெடக்க வேண்டாம். சீட்டு கட்ட மறக்க வேண்டாம்னு சொல்லுங்க. தாய் பேரு முதல்ல.

கேள்வி: சும்மா வெளிநாட்டுக்காரன் பெருமையே பேசுதீரே. நம்ம நாட்டுல இதுக்கு மதிப்பு இல்லியாவே?
(வாசகர், சேரன்மகாதேவி)

யாருவே சொன்னா இல்லன்னு? மேல டீச்சர் பாத்தாங்கள்ல, அதே அர்போரியம் உத்தரகாண்டுக்கு மாநில மரம், நாகாலாந்துக்கு மாநிலப் பூ, பக்கத்துல நேபாளத்துக்கு தேசியப் பூ. சிக்கிமுக்கு இன்னொரு ஜாதி, ஊதா நெறம், அது மாநில மரம். நாகாலாந்துல ஜாப்ஃபு மலையில 108 அடி ஒசரத்துல ஒண்ணு நிக்கி, 1993-ல கின்னஸ்ல ஏத்திருக்காங்க, நம்ம ஊரு தென்னைய விட ஒசரம். சிக்கிம் யும்தாங் பள்ளத்தாக்குல இதுக்குன்னே சரணாலயம் இருக்கு. 1848-ல இருந்து ரெண்டு வருசம் ஹூக்கர்னு ஒரு வெள்ளைக்காரர் அங்க சுத்தி முப்பது ஜாதிக்கு மேல எழுதி வச்சாரு, நடுவுல சிக்கிம்காரங்க அவரப் புடிச்சு சிறை வச்சதும் நடந்துச்சு. பெருமைய விடும், போய்ப் பாரும். ஏப்ரல், மே.

கேள்வி: நீலகிரிக்கு எந்த மாசம் போனா பூ பாக்கலாம்? ஒரு கெளை ஒடிச்சிட்டு வந்து நட்டா வராதா?
(டீக்கடை வச்சிருக்கவர், ஆழ்வார்குறிச்சி)

சனவரி கடைசியில இருந்து மார்ச்சு வரைக்கும் போனா ஏமாற மாட்டீங்க, வருசத்துக்கு வருசம் முன்னப் பின்ன இருக்கும். தொட்டபெட்டா ரோட்டு ஓரத்துலயே மரம் இருக்கு, காட்டுக்குள்ள போக வேண்டாம். கெளைய ஒடிக்காதீங்க அண்ணாச்சி, பெரியவர் கூடாரம் போட்டே பாதிதான் தேறுது, நீங்க ஈரத்துணியில சுத்தி பஸ் மாத்தி மாத்தி கொண்டாந்தா குச்சிதான் வரும், அதுக்கு ஃபாரஸ்ட்காரன் ஃபைன் வேற. கீழ விழுந்து கெடக்க பூ ஒண்ணு, இலை ஒண்ணு எடுத்து நோட்டுக்குள்ள வையுங்க, பூ கருத்துப் போகும், ஆனா இலைக்கு அடியில இருக்க அந்த ரோமம் அப்படியே இருக்கும்.

கருவேப்பிலை ஏன் வளர மாட்டேங்குதுன்னு 17 பேரு கேட்டிருக்கீங்க. அது அடுத்த இதழ்ல.